15 வருஷ ஆம்னிக்கு எஞ்சின் வேலையா, புது ஈக்கோவா? இரண்டையும் பார்த்தவனின் விமர்சனம்

நேரமில்லாதவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது 2010 கடைசியில் பதிவான மாருதி ஆம்னி, 5 சீட்டர், பெட்ரோல், இரண்டே முக்கால் லட்சம் கி.மீ. தாண்டிவிட்டது. எஞ்சினைப் பிரித்து முழு வேலை பார்த்து, தரைத் தகட்டில் ஓட்டை விழுந்த இடங்களை வெட்டி வெல்டிங் செய்து, ஆர்.சி.யை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்து, அதையே வைத்துக்கொண்டேன். அதே சமயத்தில் என் மச்சான், அவனும் என்னைப் போல ஏசி சர்வீஸ் தொழில்தான், தன் ஆம்னியைக் கொடுத்துவிட்டு மாருதியின் இன்னொரு வேனான ஈக்கோவில் சரக்கு மாடலை, ஈக்கோ கார்கோ சிஎன்ஜியை, எடுத்தான். இத்தனைக்கும் அவன் வண்டி என்னுடையதைவிட வயதில் சின்னது, எஞ்சினும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் செய்ததும் சரி என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகப் போகும்.

தொழில் ஏசி சர்வீஸ், இன்ஸ்டலேஷன். சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம். வண்டிக்குள் எப்போதும் இருப்பவை: வேக்குவம் பம்ப், கேஸ் சிலிண்டர்கள், டிரில்லிங் மிஷின், பிரஷர் வாஷர், காப்பர் பைப் சுருள்கள், ஸ்டாண்டுகள், மேலே கேரியரில் ஏணி. இன்ஸ்டலேஷன் இருக்கிற நாளில் பின் சீட்டை மடக்கிவிட்டு ஒரு அவுட்டோர் யூனிட்டும் இன்டோர் யூனிட்டும் ஏறும். இந்த வேலைக்கு ஆம்னியைவிடப் பொருத்தமான வண்டி இந்த ஊரில் வந்ததில்லை என்று இப்போதும் சொல்வேன். நீளம் 3.4 மீட்டர்கூட இல்லை, இரண்டு பக்கமும் தள்ளுகதவு, தரை தாழ்வு. இரண்டு பக்கமும் பைக் நிறுத்தியிருக்கும் மடிப்பாக்கத்துச் சந்துக்குள் கதவு திறக்க இடமில்லாத இடத்தில் சாமானை இறக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தள்ளுகதவின் அருமை தெரியும். சினிமாக்காரர்கள் இதைக் கடத்தல் வண்டியாக்கியதற்கும் அந்தக் கதவுதானே காரணம்.

வண்டியின் வரலாறு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1984-இல் மாருதி வேன் என்று வந்தது, ஆம்னி என்ற பெயர் பிறகு வந்தது. மாருதி 800-இல் இருந்த அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் குடும்பம். முன் சீட்டுக்கு அடியில் எஞ்சின், பின் சக்கரம் தள்ளும். மோதல் பாதுகாப்பு விதிகள் வந்தபோது அதற்கேற்ப இந்த உடலை மாற்ற முடியாது என்று 2019-இல் நிறுத்திவிட்டார்கள். அதனால் "பழசைக் கொடுத்து அதே மாடல் புதுசு" என்ற பேச்சே கிடையாது. பழசைச் சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் வேறு வண்டிக்குப் போக வேண்டும்.

எனக்குப் பிரச்சினை ஒரே நேரத்தில் மூன்று பக்கமிருந்து வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை, ஆயிலை அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தது, மேம்பாலம் ஏறும்போது மூன்றாம் கியரிலேயே திணறியது. இது ஒன்று. கால்மிதி மேட்டைத் தூக்கினால் டிரைவர் காலடியில் துரு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி தண்ணீரில் நின்றது. அதற்கு அப்புறம் எவ்வளவு காயவைத்தாலும் உள்ளே ஈரம் தங்கித் தகட்டைத் தின்றுவிட்டது. இது இரண்டாவது. மூன்றாவது, 15 வருஷம் முடிகிறது, ஆர்.சி. காலாவதி. போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதா, பார்க்கிறவன் எல்லாம் "இப்ப எடுக்காம எப்ப எடுக்கப்போற" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

பொதுவாக எல்லோரும் போடும் கணக்கு இதுதான்: "வண்டி விற்றால் எழுபதாயிரம் போகாது, அதற்கு எண்பதாயிரம் செலவு பண்ணுவியா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தொழில் வண்டிக்கு இந்தக் கணக்கு உதவாது. விற்கிற விலை விற்கப்போகிறவனுக்குத்தான் வேண்டும். ஓட்டப்போகிறவன் பார்க்க வேண்டியது, இந்த எண்பதாயிரம் இன்னும் எத்தனை மாசம் வண்டியை ஓட்டும், அந்த மாசங்களில் வேறு வண்டி எடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்பது. அதைக் கணக்குப் போட இரண்டே விஷயம் தெரிந்தால் போதும்: தகடு எப்படி இருக்கிறது, மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது. எஞ்சின் மூன்றாவதுதான்.

தகட்டை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஆம்னிக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது, உடலும் அடிச்சட்டமும் ஒன்றுதான். எஞ்சின் போனால் எஞ்சின் வேலை பார்க்கலாம், கியர்பாக்ஸ் போனால் புதுப்பேட்டையில் வேறு கிடைக்கும், கிரவுன் சத்தம் போட்டால் மாற்றலாம். பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வந்து மாட்டும் இடம் துருப்பிடித்து விட்டுவிட்டால், முன் சக்கரத்து சஸ்பென்ஷன் ஏறும் இடத்தில் தகடு பிளந்துவிட்டால், அதோடு முடிந்தது. வெல்டிங் பண்ணித் தருகிறேன் என்பார்கள், நம்பாதீர்கள். அந்த இடத்தில் போட்ட ஒட்டு சுமையில் நிற்காது. என் மச்சான் வண்டி இப்படித்தான். அவன் வீடு திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கம், ராத்திரியெல்லாம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டி. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தால் பட்டை மாட்டும் இடத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டினாலே உதிர்கிறது. எனக்கு ஓட்டை விழுந்தது காலடித் தரையில், அது பரவாயில்லாத இடம். வெட்டி எடுத்து நல்ல கனமான தகடு வைத்து, அடியில் கருப்புக் கோட்டிங் அடித்தால் வருஷக்கணக்கில் நிற்கும். வண்டியைப் பார்க்கும்போது மேட், சீட் எல்லாம் தூக்குங்கள், தள்ளுகதவு ஓடும் தடத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள், ஸ்டெப்னி இருக்கும் பக்கம் டார்ச் அடியுங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

அடுத்து எஞ்சின். முதலில் ஒரு பெரிய மல்டிபிராண்ட் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன், பெயர் வேண்டாம். ஏசி போட்ட வரவேற்பறை, காபி எல்லாம் கொடுத்தார்கள். புகையைப் பார்த்ததும் "சார், எஞ்சின் ஓவர், வேற எஞ்சின்தான் போடணும்" என்று எழுபதாயிரத்துக்குக் கொட்டேஷன். கம்ப்ரஷன் பார்த்தீர்களா என்று கேட்டால் "அதெல்லாம் பார்க்கத் தேவையில்லை சார், அனுபவத்துல தெரியும்." ஒரு மீட்டரை பிளக் ஓட்டையில் மாட்டிப் பார்க்கும் வேலை அது. ஏசி கம்ப்ரஸர் போச்சு என்று கேஜ் மாட்டிப் பார்க்காமல் நான் ஒரு வீட்டில் சொன்னால் அந்த வீட்டம்மா என்னை விடுவார்களா?

அப்புறம் போனது எங்கள் பக்கத்திலேயே இருக்கும் ஒரு சின்ன ஷெட். மெக்கானிக் அண்ணன் முப்பது வருஷமாக மாருதி எஞ்சின் மட்டும்தான் பிரிக்கிறார். அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நீங்கள் வேறு எங்கே கொடுத்தாலும் கேட்க உதவும். மூன்று சிலிண்டரிலும் தனித்தனியாகக் கம்ப்ரஷன் பார்த்தார். ஒன்று மட்டும் ரொம்பக் குறைவு, இன்னொன்று சுமார். குறைந்ததில் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார், அளவு ஏறியது. ஏறினால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு பக்கம் கசிகிறது என்று அர்த்தம். "தம்பி, ஹெட் வேலை மட்டும் பண்ணா போதும்னு யாராவது சொன்னா பண்ணாத, காசு ரெண்டு தடவை போகும்" என்றார். ரேடியேட்டர் தண்ணியில் எண்ணெய் மிதக்கிறதா, ஆயில் மூடியில் பால் மாதிரி நுரை இருக்கிறதா என்றும் பார்த்தார். இல்லை. அதனால் ஹெட் கேஸ்கட் இன்னும் போகவில்லை.

பிரித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். போர் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது, போர் கேஜ் வைத்து அளந்து காட்டினார். இங்கேதான் பல இடங்களில் குறுக்குவழி போகிறார்கள்: தேய்ந்த போரிலேயே புது ரிங்கைப் போட்டு மூடிவிடுவார்கள், பத்துப் பதினைந்தாயிரம் குறையும், சில மாசத்தில் மறுபடி புகை வரும். இவர் லேத்துக்கு அனுப்பி போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் செட் போட்டார், கிராங்க்கைக் கிரைண்ட் செய்து அதற்கேற்ற பேரிங், வால்வு சீட் வேலை, ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட். எஞ்சின் எப்படியும் கீழே இறங்கியிருக்கிறதே என்று கிளட்ச் செட்டும் அப்போதே மாற்றியாயிற்று. பிறகு தனியாக மாற்றினால் கூலி இரண்டாவது முறை. பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றச் சொன்னேன். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த வயது வண்டியின் ரப்பர்கள் அதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. சீட்டுக்கு அடியில் சூடான எஞ்சினுக்கு மேல் பெட்ரோல் கசிவது விளையாட்டில்லை.

உதிரி பாகம் கிடைக்குமா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இன்றைக்குக் கிடைக்கிறது. ஜி.பி. ரோட்டில் புதுசு, புதுப்பேட்டையில் பழசு. மாருதி 800, ஆம்னி என்று லட்சக்கணக்கில் ஓடிய எஞ்சின் குடும்பம் என்பதால் பிஸ்டன், ரிங், பேரிங்குக்குப் பஞ்சமில்லை. கஷ்டம் வருவது கதவு ரப்பர், ஜன்னல் லாக், டேஷ்போர்டு பிளாஸ்டிக் மாதிரி அற்பமான பொருள்களில்தான். பழைய எஞ்சினை அப்படியே வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: எஞ்சின் நம்பர் மாறினால் அதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், விற்றவரிடம் அதற்கான காகிதம் இருக்க வேண்டும். காகிதம் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும்போது அதன் விலை தெரியும்.

ஷெட்டில் குறை இல்லையா, இருக்கிறது. சொன்ன தேதிக்கு வண்டி வரவில்லை, லேத்தில் தாமதம் என்று இழுத்தார். பில் என்பது ஒரு நோட்டுத் தாளில் பேனாவால் எழுதியது, ஜிஎஸ்டி பில் கேட்டால் உதிரி பாகக் கடையின் பில்லை மட்டும் தருவார். நவம்பரில் கொடுத்ததால் தாங்கினேன். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதை மட்டும் ஏப்ரல், மே மாசத்தில் செய்யாதீர்கள். சீசனில் வண்டி ஷெட்டில் படுத்தால் எஞ்சின் செலவைவிடப் போகிற வேலைதான் அதிகம். தீபாவளி முடிந்து பொங்கலுக்குள் என்றால் நல்லது. இன்னொன்று, வேலை முடிந்து வந்த எஞ்சின் டைட்டாக இருக்கும், முதல் ஆயிரம் கிலோமீட்டர் மிதிக்கக் கூடாது, பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். பையனிடம் வண்டியைக் கொடுக்காமல் அந்த மாசம் நானே ஓட்டினேன்.

மொத்தச் செலவு: எஞ்சினும் கிளட்சும் நாற்பத்தைந்தாயிரத்தை ஒட்டி, வெல்டிங், டிங்கரிங், அடிக்கோட்டிங், கொஞ்சம் பெயின்ட் பதினெட்டாயிரம், நான்கு டயர், ஆர்.சி. கட்டணம் எல்லாம் சேர்த்து எண்பத்தைந்தாயிரம். நீலப் புகை போய்விட்டது, மேம்பாலம் ஏறுகிறது. ஊருக்குள் லிட்டருக்கு 13 கி.மீ. கொடுக்கிறது, அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆர்.சி. பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. 15 வருஷமானால் வண்டியை உடைத்துவிட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். 15 வருஷத்துக்கு மேல் பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்பது டெல்லிப் பக்கத்துக் கதை. நாடு முழுக்க அடிபட்டது அரசாங்கத்தின் சொந்த வண்டிகள், 2023 ஏப்ரலிலிருந்து. தமிழ்நாட்டில் தனியார் வெள்ளை போர்டு வண்டி தகுதியாக இருந்தால் 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். ஃபார்ம் 25, காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம்தான் உறைக்கும்: 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள், 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். தவறவிட்டால் மாசத்துக்கு 500 ரூபாய் கூடுதல். இது போகப் பசுமை வரி. வண்டியை நேரில் காட்ட வேண்டும், மோட்டார் வாகன ஆய்வாளர் சேசிஸ் நம்பர் பார்ப்பார், லைட், ஹாரன், ஒளிரும் ஸ்டிக்கர், புகைச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பின் சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டிருப்பவர்கள் அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு போங்கள். 5 சீட்டராகப் பதிந்த வண்டியை நிரந்தரமாகச் சரக்கு வண்டியாக்குவது விதிப்படி மாற்றம்தான். சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் துரு ஏறியிருந்தால் முன்னாடியே சுத்தம் செய்துவைப்பது புத்திசாலித்தனம்.

இப்போது மச்சானின் ஈக்கோ. அவன் எடுத்ததிலிருந்து நானும் அடிக்கடி ஓட்டுகிறேன். 2010-இல் வந்த வண்டி, 2022 கடைசியில் புது 1.2 லிட்டர் எஞ்சின் மாற்றினார்கள், பெட்ரோலில் 80 குதிரைத்திறனைத் தொடுகிறது. ஆம்னியில் பாதிக்கும் குறைவுதான். 5 கியர், ஆம்னியில் 4. நெடுஞ்சாலையில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஆம்னியில் எழுபதைத் தாண்டினால் முருகா முருகா என்றுதான் ஓட்ட வேண்டும், ஈக்கோ எண்பதில் சாதாரணமாகப் போகிறது. டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் கவலையும் இல்லை. கார்கோவில் முன் சீட்டுக்குப் பின்னால் முழுக்கத் தட்டையான தரை, இரண்டு ஸ்பிளிட் ஏசி செட்டைத் தாராளமாக ஏற்றலாம். எஞ்சின் இதிலும் சீட்டுக்கு அடியில்தான், மே மாச மதியத்தில் இதிலும் தொடை சுடத்தான் செய்யும், ஆம்னி அளவுக்கு இல்லை. சந்துக்குள் கொஞ்சம் நீளம் தெரிகிறது.

நிறுவனக் கணக்குப்படி ஈக்கோவின் மைலேஜ் பெட்ரோலில் லிட்டருக்கு 20-ஐ ஒட்டியும், சிஎன்ஜியில் கிலோவுக்கு 27-ஐ ஒட்டியும் வருகிறது. அவன் சாமான் ஏற்றிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி காண்ட்ராக்ட்டுக்கு ஓட்டுவதில் கிலோவுக்கு 22 வருகிறது. கணக்கு இங்கேதான் திரும்புகிறது. அவன் மாசம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவன். ஆம்னியில் அதற்கு இருபத்து மூவாயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் வேண்டும், சிஎன்ஜியில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். மிச்சம் பத்தாயிரத்துக்கு மேல். நாலரை லட்சம் கடன், 5 வருஷம், 10 சதவீத வட்டி என்றால் இஎம்ஐ 9,500-ஐத் தொடும். எரிபொருள் மிச்சமே தவணையைக் கட்டிவிடுகிறது. ஆம்னியின் தகடும் போய்விட்ட நிலையில் அவன் யோசித்ததே அதிகம்.

நான் ஒரு காலத்தில் அதிகம் ஓட்டினேன், இப்போது நாலைந்து ஏரியாவுக்குள்ளேயே வேலை, மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் பெரிசு. அதே ஈக்கோவை நான் எடுத்தால் எரிபொருளில் மூவாயிரத்து ஐந்நூறு மிச்சமாகும், தவணைக்கு மீதி ஆறாயிரத்தைக் கையிலிருந்து போட வேண்டும், முன்பணம் தனி. ஆம்னிக்குப் போட்ட எண்பத்தைந்தாயிரம் மூன்று வருஷம்தான் தாங்கும் என்று வைத்துக்கொண்டாலும் மாசம் 2,400 வருகிறது. அவ்வப்போது வரும் சில்லறை வேலைகளுக்கு வருஷம் இருபதாயிரம் ஒதுக்கினால் மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம். அதற்கு மேல் ஓடினால் எனக்கு லாபம். கடன் முடிந்ததும் கையில் ஒரு நல்ல வண்டி இருக்கும் என்று மச்சான் சொல்வது நியாயம்தான், ஆனால் மழைக்காலத்தில் வேலை குறையும் மாசங்களில் தவணை குறைவதில்லை.

இன்ஷூரன்ஸையும் மறக்காதீர்கள். 1000 சிசிக்குக் குறைந்த தனியார் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு வருஷம் 2,094 ரூபாய். என் ஆம்னிக்கு அது மட்டும்தான் போட்டிருக்கிறேன். மச்சானின் கார்கோ மாதிரி பொதுச் சரக்கு வாகனமாக மஞ்சள் போர்டில் பதிந்த சின்ன வண்டிக்கு அதுவே 16,049, சொந்த சேதக் காப்பீடு இதற்கு மேல். எஃப்.சி. (தகுதிச் சான்று) வேறு, 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷாவருஷம். சிஎன்ஜி சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் என்ற அழுத்தச் சோதனை. ஷோரூமில் விலை சொல்லும்போது இதெல்லாம் யாரும் சொல்வதில்லை.

அப்படியென்றால் ஏன் கார்கோ, 5 சீட்டர் வெள்ளை போர்டு எடுத்திருக்கலாமே என்றால், ஜிஎஸ்டி பதிவு இருக்கிறவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. பயணிகள் வண்டியாக வாங்கும் ஈக்கோவுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, திரும்ப எடுக்க முடியாது, சரக்கு வாகனத்துக்கு எடுக்கலாம். 18 சதவீதம் என்பது இந்த விலையில் சின்னத் தொகை இல்லை. மச்சான் கம்பெனிகளுக்கு பில் போடுகிறவன், அவனுக்கு அது அப்படியே கழிந்தது. வீடுகளுக்கு மட்டும் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. 5 சீட்டர் எடுத்தால் ஷோரூம் விலை ஐந்தேகால் லட்சத்தில் தொடங்குகிறது, 5 லட்சத்துக்கு மேல் என்பதால் தமிழ்நாட்டு ஆயுள் வரி 13 சதவீதம், அதுவே அறுபதாயிரத்தைத் தாண்டும். டிரைவர் விஷயத்தில் பயப்பட வேண்டாம்: 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை சாதாரண எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் வேண்டாம்.

குட்டி யானையையும் பார்த்தோம். 2025-இல் வந்த டாடா ஏஸ் புரோ பெட்ரோல் அறிமுக விலை 3.99 லட்சம், 750 கிலோ ஏற்றலாம், விலைக்கு அதை அடிக்க ஆளில்லை. தண்ணி கேன், காய்கறி, சிமென்ட் ஏற்றுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதற்குப் போகலாம். எங்களுக்குப் பூட்டக்கூடிய மூடிய வண்டி வேண்டும். வேக்குவம் பம்பையும் காப்பர் சுருளையும் திறந்த வண்டியில் வைத்துவிட்டு நாலாவது மாடி ஏறினால் இறங்கும்போது இருக்காது. பெட்டி கட்டலாம், செலவும் எடையும் கூடும்.

ஆம்னியை வைத்துக்கொண்டதில் எனக்கு மனசு ஒப்பாத இடம் ஒன்றே ஒன்று, பாதுகாப்பு. முன்னால் மோதினால் நம் முழங்கால்தான் பம்பர். ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. பழைய ஈக்கோவும் இதில் யோக்கியம் இல்லை, 2016-இல் ஏர்பேக் இல்லாத ஈக்கோவுக்கு குளோபல் என்கேப் சோதனையில் பூஜ்ஜியம் ஸ்டார்தான் கிடைத்தது. இப்போது வருவதில் ஏர்பேக்காவது இருக்கிறது. தினமும் கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜிஎஸ்டி) ரோட்டிலோ பைபாஸிலோ ஓட்டுகிறவராக இருந்தால் என் கணக்கையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசுக்கே போங்கள். நான் ஊருக்குள் நாற்பதில் போகிறவன்.

வேறொருவர் வைத்திருந்த ஆம்னியை வாங்கி வேலை பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. வீட்டு சமையல் கேஸ் சிலிண்டர் மாட்டி ஓட்டிய வண்டிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, பின்னால் தரையில் பழைய போல்ட் ஓட்டைகள், புதுசாக அடைத்த ஹோஸ் வழிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆர்.சி. புதுப்பிக்காமல் "நீங்களே பண்ணிக்கோங்க" என்று விலை குறைத்துக் கொடுப்பதையும் தொடாதீர்கள். நம் தொழில்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், ஏசியில் அடைக்கும் ஆர்-32 கேஸ் லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. சூடான எஞ்சின் உள்ளேயே இருக்கும் மூடிய வேனில் சிலிண்டரைப் படுக்கவைத்து வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஆம்னியானாலும் ஈக்கோவானாலும்.

என் ஆர்.சி. 2030 கடைசி வரை. அப்போது 20 வருஷம் ஆகியிருக்கும், புதுப்பிக்கக் கட்டணமே பத்தாயிரம், அதற்குக் கட்டி வைத்திருக்கும் வண்டியாக அப்போது இது இருக்காது என்றுதான் நினைக்கிறேன். நடுவில் எஞ்சின் தகராறு செய்தால் அந்த ஷெட்டுக்கு மறுபடி போவேன், தரை மறுபடி விட்டால் வெல்டிங் கடைப் பக்கம் போகாமல் நேராக ஷோரூம்தான். மச்சானிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன், அவன் ஈக்கோவை விற்கும்போது முதலில் என்னிடம்தான் கேட்க வேண்டும் என்று. திருவான்மியூர் காற்றில் நிற்கிற வண்டி என்பதால் விலையைக் குறைத்துத்தான் கேட்பேன் என்பதையும் சேர்த்து.